முதல் புரோகிராம் காதில் விழட்டும்

"தம்பி, வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பையன் புரோகிராமிங் கத்துக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?"

மண்ணூரில் எங்கள் தெருவில் என்னை நிறுத்தி இப்படிக் கேட்பவர்கள் அதிகம். நான் சாப்ட்வேர் இன்ஜினீயர் என்பது ஒரு காரணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளில், பிள்ளையாவது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்ற ஆசை இருப்பது இன்னொரு காரணம்.

இந்தக் கேள்விக்குப் புத்தகங்கள் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ என்று எழுத்து வர வேண்டும். அடுத்து இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும். அடுத்து பகா எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தாவது நாள் புத்தகம் பரணுக்குப் போய்விடும். குறை பையனிடம் இல்லை. ஏற்கனவே எழுத்தும் படமும் வீடியோவும் வந்து குவியும் திரையில், இன்னும் ஒரு வரி எழுத்து வந்தால் யாருக்கு ஆச்சரியம் வரும்?

என் பதில் வேறு. முதல் புரோகிராம் சத்தம் போட வேண்டும். ஒலியை உருவாக்கும் புரோகிராமில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டே வரி போதும்

பைதான் என்ற புரோகிராமிங் மொழியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைடோ வான் ரோசம் என்பவர் 1991-ல் வெளியிட்ட மொழி இது. முற்றிலும் இலவசம். இது ஸ்கிரிப்டிங் வகையைச் சேர்ந்தது. அதாவது, எழுதியதை உடனே இயக்கிப் பார்க்கலாம். நடுவில் கம்பைல் செய்வது, லிங்க் செய்வது போன்ற சடங்குகள் இல்லை. பைதானின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்தால், ‘ஐடில்’ என்ற எழுதும் விண்டோவும் கூடவே கிடைத்துவிடும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் அந்த விண்டோவில் இரண்டு வரிகள் டைப் செய்யுங்கள். முதல் வரியில் ‘வின்சவுண்ட்’ என்ற மாட்யூலை இம்போர்ட் செய்திட வேண்டும். இரண்டாவது வரியில் அதில் உள்ள ‘பீப்’ என்ற பங்ஷனுக்கு 440, 1000 என்ற இரண்டு எண்களைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ஒரு நொடிக்கு ‘பீ’ என்று ஒலி வரும். 440 என்பது அந்த ஒலி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது. 1000 என்பது மில்லி செகண்டில் கால அளவு.

440-ஐ 880 ஆக்குங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். 660 ஆக்குங்கள். முதல் ஒலியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இது பஞ்சமம். பாட்டு கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடுகிறது.

பதினாறு மார்க் கேள்வி

அடுத்த படி, ஒலியை நாமே எண்களாக எழுதுவது. ஆடியோ சிடியில் ஒரு நொடி ஒலி என்பது, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். மனிதக் காது அதிகபட்சம் 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அதிர்வைப் பதிவு செய்ய அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எண்கள் வேண்டும். அதனால்தான் இந்தக் கணக்கு. ஒவ்வொரு எண்ணும் -32,768 முதல் 32,767 வரை இருக்கலாம். இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் நீங்கள் கேட்கும் எந்தப் பாட்டும், யாருடைய குரலும், ஸ்பீக்கருக்குப் போகும் முன் இப்படிப்பட்ட எண்களின் வரிசையாகிறது.

இதை முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மேக்ஸ் மேத்யூஸ். 1957-ல் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் அவருடைய புரோகிராம் 17 நொடி இசையை உருவாக்கியது. ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டர் அது. இன்று உங்கள் மேஜை மேல் இருப்பது அதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது.

பைதானில் ‘சைன்’ பங்ஷனைக் கொண்டு 44,100 எண்களைக் கணக்கிட்டு, ‘வேவ்’ மாட்யூல் மூலம் பைலாக எழுதினால் ஒரு நொடி ஒலி தயார். புரோகிராம் இருபது வரிக்குள் அடங்கிவிடும். இதில் வெறும் 147 அதிர்வை மட்டும் வைத்தால் புல்லாங்குழலையும்விட மொட்டையான ஒலி வரும். அதோடு மூன்று மடங்கு அதிர்வை மூன்றில் ஒரு பங்கு அளவும், ஐந்து மடங்கை ஐந்தில் ஒரு பங்கு அளவும், இப்படி ஒற்றைப்படை மடங்குகளைக் கூட்டிக்கொண்டே போனால், அது பழைய வீடியோ கேம் ஒலி போல மாறிவிடும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்ஜினீயரிங் மூன்றாவது செமஸ்டரில் ‘பூரியர் தொடர்’ என்று ஒரு பாடம். கட்டாயம் ஒரு 16 மார்க் கேள்வி வரும் என்று சொல்லி, எட்டுப் பத்துக் கணக்குகளை வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதி பாஸ் செய்தேன். அது எதைப் பற்றியது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிகிரி வாங்கிச் சில வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டு ஸ்பீக்கரில் ஒரு ஒலி இன்னொரு ஒலியாக மாறியபோதுதான், "அட, இதுவா அது?" என்று புரிந்தது. சைன் என்பது முக்கோணத்தில் மட்டும் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ப்ளஸ் டூ மாணவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதை முதலில் கேட்க வையுங்கள்.

அத்தையின் தம்புரா

என் அத்தை நான்கைந்து பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய சுருதிப் பெட்டி ஒருநாள் நின்றுபோனது. "நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே, இதைப் பண்ணேன்" என்றார்.

கம்பியை மீட்டும் ஒலியை உருவாக்க எளிமையான வழி ஒன்று உண்டு. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் 1983-ல் வெளியிட்டது. ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கண்டபடி எண்களைப் போட்டு நிரப்புங்கள். அதை ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். ஒரு சுற்று முடிந்ததும், ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு சேர்த்துச் சராசரி எடுத்து, 0.999 ஆல் பெருக்கி, மறுபடி அனுப்புங்கள். முதலில் ‘கர்’ என்று இருக்கும் இரைச்சல், சுற்றுக்குச் சுற்று வழவழப்பாகி, கம்பியின் நாதமாக மாறி மெல்ல அடங்கும். சராசரி எடுப்பது தவிர இதில் வேறு வித்தை இல்லை.

பட்டியலின் நீளம்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. அத்தைக்கு ஐந்து கட்டை சுருதி. அதாவது ஷட்ஜம் 196 அதிர்வு. 44,100-ஐ 196 ஆல் வகுத்தால் சரியாக 225. பஞ்சமக் கம்பிக்கு 300, ஷட்ஜக் கம்பிகள் இரண்டுக்கும் 225, மந்தர ஷட்ஜத்துக்கு 450. மீதியே இல்லாமல் வகுபட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். நான்கையும் வரிசையாக மீட்ட வைத்து அத்தையைக் கூப்பிட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பஞ்சமம் சேரலைப்பா. அலையுது."

கணக்கு சரியாக இருக்கிறதே என்றேன். "கணக்கு எனக்குத் தெரியாது. அலையுது" என்றார்.

இரண்டு கம்பிகளையும் ஒன்றாக மீட்டி நீளமாக ஒலிக்க விட்டேன். உண்மைதான். சுமார் 3 நொடிக்கு ஒருமுறை ஒலி லேசாக ஏறி இறங்கியது. இரவெல்லாம் புரோகிராமைப் பார்த்த பிறகு காரணம் புரிந்தது. ஒரு எண்ணையும் அதற்கு முந்தையதையும் சராசரி எடுக்கும்போது, ஒரு சுற்றுக்கு அரை எண் அளவு தாமதம் சேர்கிறது. 225 என்பது உண்மையில் 225.5. 300 என்பது 300.5. விகிதம் நான்குக்கு மூன்று என்று இருக்க வேண்டியது, இம்மி அளவு பிசகிவிட்டது. இருபக்கமும் சமமாக எடுத்தால் இந்தப் பிசகு வராது. முந்தைய எண்ணில் ஒரு பங்கு, தன்னில் எட்டுப் பங்கு, அடுத்த எண்ணில் ஒரு பங்கு என்று கூட்டிப் பத்தால் வகுத்தேன். மறுநாள் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.

இந்தத் தவறைத் திரையில் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியுமா? எந்த எர்ரர் மெசேஜும் வரவில்லை. புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. பைதானில் ஒரு வரிகூடத் தெரியாத ஒருவரின் காது அதைப் பிடித்தது. ஒலியில் இருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் உள்ள எல்லோரும் உங்கள் புரோகிராமைச் சோதிக்க முடியும்.

எங்கள் தம்புரா அசல் தம்புரா ஆகிவிடவில்லை. குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் நூல் வைத்து வரவழைக்கிறார்களே, அந்த ‘ஜீவா’ இதில் இல்லை. அந்த வளைந்த குதிரையும் நூலும்தான் தம்புராவின் செழுமையான நாதத்துக்குக் காரணம் என்று சர் சி. வி. ராமன் 1921-லேயே இந்தியத் தந்தி வாத்தியங்கள் பற்றிய கட்டுரையில் எழுதிவிட்டார். அதைப் புரோகிராமில் கொண்டு வருவது என் அடுத்த வேலை.

கமகம் எங்கே?

சிலர் கேட்கலாம். இதற்கெல்லாம் ஆயிரம் ஆப் இருக்கிறதே? ஏஐ-யிடம் சொன்னால் முழுப் பாட்டே போட்டுக் கொடுக்கிறதே? நாம் எதற்காக மெனக்கெட வேண்டும்?

நான் சிறுவனாக இருந்தபோது சித்தப்பாவிடம் நோக்கியா 3310 போன் இருந்தது. அதில் ‘கம்போசர்’ என்று ஒரு வசதி. 1 முதல் 7 வரை உள்ள பட்டன்கள் ஏழு ஸ்வரங்கள். எண்களை அழுத்தினால் ரிங்டோன் தயார். பின்னாளில் அதே கம்பெனியின் தொழிற்சாலை 2006-ல் எங்கள் ஸ்ரீபெரும்புதூரிலேயே தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் பக்கத்துப் பலருடைய வாழ்க்கையில் அது ஒரு பெரிய அத்தியாயம். எனக்கோ அந்த போன்தான் முதல் பாடம். எண்களைக் கொடுத்தால் பாட்டு வரும் என்று அதுதான் காட்டியது. கூடவே ஒரு குறையையும் காட்டியது. சினிமாப் பாட்டுகள் ஓரளவு வரும். அத்தை பாடும் தோடியும் பைரவியும் வரவே வராது. ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்கும்; அசையாது. கமகம் இல்லாமல் கர்நாடக சங்கீதம் ஏது?

பட்டனில் மட்டும் இருக்கும் குறை இல்லை இது. கீபோர்டும், பெரும்பாலான இசை சாப்ட்வேர்களும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டித்தான் தொடங்குகின்றன. நம் தேவை அவற்றைச் செய்தவர்களின் தேவை இல்லை. தேவை இருந்தவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். பெங்களூரில் இன்ஜினீயராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருந்த ஜி. ராஜ்நாராயண் 1970-களின் இறுதியில் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். எம். சுப்ரமணியன் என்பவர் ‘காயகா’ என்ற சாப்ட்வேரை எழுதினார். ச ரி க ம என்று ஸ்வரங்களை டைப் செய்தால் கமகத்தோடு வாசிக்கும் சாப்ட்வேர் அது. ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன், கமகங்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது பற்றிச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2013-ல் முனைவர் பட்ட ஆய்வே செய்திருக்கிறார்.

ஏஐ அந்த இருபது வரியை எழுதித் தரும். மறுக்கவில்லை, எழுத வைத்துப் படித்துப் பாருங்கள், அதுவும் ஒரு பாடம்தான். ஆனால் பஞ்சமம் அலைகிறதா இல்லையா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதை நீங்கள் கேட்க வேண்டும்.

அப்பாவின் காது

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் மெஷின்கள் நாள் முழுக்க இடிக்கும் இடம். வீட்டில் டிவி சத்தம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். குறைக்கச் சொன்னால், "நீங்கல்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க, டிவியாவது கேக்கட்டும்" என்பார். நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் விளையாட்டாக ஹெட்போனை அவருக்கு மாட்டி, என் சைன் புரோகிராமை ஓட்டினேன். ஒலி கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன். 500 அதிர்வு, விரல் எழுந்தது. 1000, எழுந்தது. 2000, கொஞ்சம் யோசித்து எழுந்தது. 4000 போட்டேன். ஹெட்போனிலிருந்து கசிந்த அந்தக் கீச்சு ஒலி பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, இன்னும் போடலையா?"

மறுபடி போட்டேன். விரல் எழவில்லை.

காது டாக்டரிடம் போனோம். முறையான டெஸ்ட் எடுத்தார்கள். வரைபடத்தில் 4000 அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. தொடர்ந்த இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்றார் டாக்டர். உள்காதில் உள்ள நுண்ணிய செல்கள் ஒருமுறை போனால் மறுபடி வளராது. ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளின் சக்தி அந்த உயர் அதிர்வுகளில்தான் அதிகம். அதனால்தான் பேச்சு கேட்கும், வார்த்தை தெளியாது. நாங்கள் வாய்க்குள் பேசவில்லை. அவருக்கு அந்த எழுத்துகள் வந்து சேரவில்லை.

இது புதிய விஷயமும் இல்லை. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது பாதிப்பும் இடம்பெற்றிருந்தது. காதில் அடைக்கும் இயர்பிளக்கையும் வேலை இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் சத்தம் மாறினால் தெரியாமல் போய்விடுமே என்று அப்பாதான் சட்டைப் பையில் வைத்திருந்தார். இப்போது போட்டுக்கொள்கிறார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரும் ஹெட்போனும் மருத்துவக் கருவி ஆகாது. மலிவான ஹெட்போனில் சில அதிர்வுகள் தானாகவே குறைந்து ஒலிக்கும். என் புரோகிராம் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. டாக்டரிடம் போக வைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது வரி இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்போம்.

நீங்கள் தொடங்க

முதல் நாள் ‘பீப்’. இரண்டாவது வாரம் சைன் ஒலியைப் பைலாக எழுதுவது. மூன்றாவது வாரம் கம்பி. இந்த வரிசை போதும். எண்ணும் வரியும் அலுப்பாக இருந்தால், சாம் ஆரன் உருவாக்கிய ‘சோனிக் பை’ என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். ‘பிளே’ என்று எழுதிப் பக்கத்தில் 60 என்று கொடுத்தால் ஒரு ஸ்வரம் வரும். 60.5 என்று கொடுத்தால் கீபோர்டில் இல்லாத, இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள ஒலியும் வரும். பழகியபின் ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் வைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நீங்கள் எழுதும் எண்கள் எல்லையைத் தாண்டினால் ஸ்பீக்கர் அலறும். ஆகவே வால்யூமை மிகவும் குறைத்து வைத்துத்தான் புதிய புரோகிராமை இயக்க வேண்டும். ஹெட்போனைக் காதில் மாட்டும் முன் ஒருமுறை மேஜையில் வைத்து ஒலியின் அளவைச் சரிபாருங்கள். காது ஒன்றும் சவுண்ட் கார்டு இல்லை, போனால் வேறு வாங்கி மாட்ட.

எங்கள் தெருப் பையனுக்கு நான் இதைத்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா வழியில் பார்த்து, "என்னப்பா சொல்லிக் கொடுத்தே, வீடு பூரா பீ பீன்னு ஒரே சத்தம்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பையன் ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.